சிவப்பு விளக்கு எரியும்போதே ‘புகார் தீர்ந்தது’: வீட்டு ஃபைபர் இணைப்பில் சில ஆண்டுகள்

வீட்டுக்கு ஃபைபர் இன்டர்நெட் வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. கம்பெனி பெயர் வேண்டாம். வேறு கம்பெனி வைத்திருப்பவர்களும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். வேகத்தில் பெரிய குறை இல்லை. லேப்டாப்பில் நேரடியாக லேன் கேபிளைச் செருகிப் பார்த்தால் சொன்ன வேகத்தை ஒட்டியே வருகிறது. வைஃபையில் குறைந்தால் அது பெரும்பாலும் நம் வீட்டுச் சுவரின் வேலை, அதற்காகச் சண்டைக்குப் போக வேண்டாம்.

தகராறெல்லாம் லைன் அறுந்தால்தான். எங்கள் தெருவில் ஃபைபர் கம்பத்துக்குக் கம்பம் தொங்குகிறது. ஜாயின்ட் போட்ட இடத்தில் கறுப்பு டேப் சுற்றி, மேலே பால் கவரைக் கட்டியிருக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு அது எத்தனை நாள் தாங்கும்? போன மழைக்காலத்தில் ஒரு காலையில் ரூட்டர் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று போட்ட விளக்கு சிவப்பாக மினுக்க ஆரம்பித்தது. கஸ்டமர் கேரில், “ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்.” அந்த விளக்கு சிவப்பாக மினுக்கினால் ஒளி பெட்டிவரை வந்து சேரவில்லை என்று பொருள், பொழுதன்னைக்கும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் வராது. அதை எடுத்துச் சொன்ன பிறகே புகாரைப் பதிந்தார்கள். சாயங்காலமே எஸ்.எம்.எஸ்.: ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.’ விளக்கு மினுக்கிக்கொண்டுதான் இருந்தது.

வில்லங்கமே இந்த எஸ்.எம்.எஸ்.தான். புகாரை மூடிவிட்டால் அவர்கள் கணக்கில் பழுது சரி. திரும்பக் கூப்பிட்டால் புதுப் புகார், நாள் கணக்கும் முதலிலிருந்து. இதில் ஒரு காரணம் இருக்கிறது. 2024 அக்டோபரில் அமலுக்கு வந்த, டிராயின் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) சேவைத் தர விதிகளின்படி, பழுது மூன்று நாளில் சரியாகாவிட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பீடு தர வேண்டும், பிரீபெய்டாக இருந்தாலும். தினம் ஒரு புகாராக மூடிக்கொண்டே போனால் அந்த மூன்றாம் நாள் எப்போது வரும்? எனவே புதுப் புகாருக்குத் தலையாட்டாதீர்கள். பழைய புகாரின் டாக்கெட் நம்பரையே (புகார் பதிவு எண்) திறக்கச் சொல்லுங்கள்.

மறுத்தால் மேல்முறையீடு. டிராயின் 2012 விதிமுறைகளில் இதற்கு வழி இருக்கிறது. புகார் மையத்தில் தீராததை, கம்பெனிக்குள்ளேயே இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அனுப்பலாம். காசு கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கம்பெனியின் ஆளே கம்பெனிக்கு எதிராக என்ன செய்துவிடுவார் என்றுதான் எனக்கும் தோன்றியது. டாக்கெட் நம்பர், அந்த எஸ்.எம்.எஸ்.ஸின் ஸ்கிரீன்ஷாட், தேதியோடு எடுத்த சிவப்பு விளக்கு போட்டோ மூன்றையும் வைத்து நாலே வரியில் மெயில் போட்டேன். மறுநாள் லைன்மேன் வந்து நின்றார். “கம்ப்ளைன்ட் எனக்கு இன்னிக்குத்தான் சார் வந்துச்சு” என்றார். நம்புகிறேன். பாவம், அவரை ஏன் திட்ட வேண்டும்? பில்லில் கழிவும் வந்தது, தனியாக இன்னொரு மெயில் போட்டுக் கேட்ட பிறகு. ஒரு பிரியாணி வாங்கக்கூடக் காணாது என்பது வேறு விஷயம்.

பலர் நேராக டிராய்க்கு எழுதுகிறார்கள். தனிநபர் புகாரை விசாரிக்கும் அதிகாரம் டிராய்க்கு இல்லை. தொலைத்தொடர்புத் துறைக்கு மத்திய அரசின் குறைதீர் தளத்தில் எழுதலாம், 1915 நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புத் தகராறு நுகர்வோர் மன்றத்துக்கு வராது என்று 2009-இல் ஒரு தீர்ப்பு இருந்ததால் கம்பெனிகள் ரொம்பக் காலம் அதைக் காட்டியே தப்பித்தன. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘சேவை’ என்பதற்குள் தொலைத்தொடர்பு என்ற சொல்லே இருக்கிறது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. நான் அதுவரை போக வேண்டி வரவில்லை.

ஆனால் அங்கே போனால் முதலில் கேட்பது பணம் கட்டிய ஆதாரத்தை. தெருவில் இணைப்பு கொடுக்கும் கேபிள் அண்ணன், “நமக்குள்ள என்னங்க ரசீது” என்று மாதாமாதம் கையில் வாங்கிக்கொள்வார். நல்ல மனுஷர்தான், ராத்திரி பத்து மணிக்குக்கூட ஏணியோடு வருவார். இருந்தாலும் நான் கம்பெனி ஆப்பில்தான் கட்டுகிறேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.