புதுக் கோச்சின் வேலையைப் பார்க்க கண்டீரவாவில் எந்த சீட்?

நம் ஃபுட்பால் கிளப் பெங்களூரு எஃப்சிக்குப் புதுக் கோச் என்று அறிவிப்பு வந்துவிட்டால் போதும், அல்சூர் கௌதமபுரத்திலும் ஆஸ்டின் டவுனிலும் அன்று மாலையே வழக்கு நடக்கும். "பார்சிலோனாவில் வேலை பார்த்தவராம்" என்று ஒரு கட்சி. "பயோடேட்டா வந்து கோல் போடாது" என்று மறு கட்சி. இரண்டையும் தள்ளிவிட முடியாது. பெலேவுக்குச் சிலை வைத்த பேட்டை கௌதமபுரம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் இந்த ஊர்க்காரர். பந்து தெரிந்த ஜனங்கள்தான் இவர்கள். ஆனால் கோச்சின் வேலை பந்து இருக்கும் இடத்தில் பாதிதான் தெரியும். மீதிப் பாதி, பந்து இல்லாத இடத்தில் மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதில் இருக்கிறது. அது கண்ணுக்குப் படுவதும் படாமல் போவதும் நாம் வாங்கும் டிக்கெட்டைப் பொறுத்தது. அந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் அணியின் சொந்த மைதானமான கண்டீரவா ஸ்டேடியத்தை இங்கே எடைபோடுகிறோம்.

முதலில் குறை. கண்டீரவா ஃபுட்பாலுக்கென்று கட்டியது இல்லை, தடகள மைதானம். 400 மீட்டர் ஓடுபாதைக்கு நடுவில்தான் ஆடுகளம். இது எவ்வளவு தூரத்தைத் தின்கிறது என்று கணக்கு போட்டுப் பார்க்கலாம். நிலையான ஓடுபாதையின் உள்வட்டம் சுமார் 157 மீட்டர் நீளம், 73 மீட்டர் அகலம். ஆடுகளம் 105-க்கு 68. ஒரு லேன் 1.22 மீட்டர் என்றால் 8 லேனுக்கு 9.76. ஆக, பக்கவாட்டில் டச்லைனுக்கும் (ஆடுகளத்தின் பக்கக்கோடு) ஓடுபாதையின் வெளிவிளிம்புக்கும் இடையே 12 மீட்டர்தான். கோல் பின்னாலோ அதுவே 36 மீட்டர். முதல் வரிசையில் உட்கார்ந்தாலும் அந்த 36 மீட்டர் குறையாது.

அதனால் கோல் பின்னால் கீழ் அடுக்கு இந்த வேலைக்கு உதவாது. கண்மட்டத்தில் பார்க்கும்போது எட்டப் பாதியில் நடப்பது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு தெரியும். டிஃபென்ஸ் லைனுக்கும் மிட்ஃபீல்டுக்கும் நடுவே 10 மீட்டர் இருக்கிறதா 20 மீட்டரா என்று சொல்லவே முடியாது. 5-க்கு 1.5 கொடுக்கலாம். அதே கோல் பின்னால், மேல் அடுக்கில் கடைசி வரிசைகள் என்றால் கதை வேறு. தூரம் அங்கே தொந்தரவு இல்லை, துணை. பின்னால் நிற்பது மூன்று பேரா நாலு பேரா, விங் பக்கம் யார் அகலம் பிடிக்கிறார், எதிர்ப்பக்கம் ஆள் இல்லாமல் கிடக்கிறதா என்பதெல்லாம் கோலம் போட்டதுபோலத் தெரியும். 5-க்கு 4.

முதலிடம் பக்கவாட்டு மேல் அடுக்குக்கு. பாதிக்கோட்டிலிருந்து இரு பக்கமும் ஒரு 15 மீட்டருக்குள் இருக்கும் சீட்டுகள், 5-க்கு 4.5. அணியின் நீளத்தை அங்கிருந்து அளக்கலாம். அதற்கு டேப் வேண்டாம். பெனால்ட்டி பாக்ஸ் கோல்லைனிலிருந்து 16.5 மீட்டர் நீளும். அதைப்போல இரண்டு மடங்கு 33 மீட்டர். நம் கடைசி டிஃபெண்டருக்கும் முன்னால் நிற்கும் ஸ்ட்ரைக்கருக்கும் இடையே அந்த இரண்டு பாக்ஸ் தூரத்துக்கு மேல் போகாமல் இருந்தால் அணி கச்சிதமாக நிற்கிறது என்று அர்த்தம். மூன்று பாக்ஸ் ஆகிவிட்டால் நடுவில் எதிரணி சுகமாகத் திரும்பி விளையாடும். புதுக் கோச் வந்த முதல் ஆட்டங்களில் முன்னால் இருப்பவர்கள் உற்சாகத்தில் பிரஸ் பண்ண, அதாவது எதிரணியை நெருக்கிப் பந்தைப் பறிக்க, ஓடுவார்கள், பின்னால் இருப்பவர்கள் பயத்தில் இறங்குவார்கள். அணி கிழிவது அங்கேதான். ஸ்கோர் போர்டில் அது உடனே வராது. மூன்றாவது, நான்காவது ஆட்டத்தில் வரும்.

மேற்கு பிளாக்கைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ரசிகர் படையான வெஸ்ட் பிளாக் ப்ளூஸ் நிற்கும் இடம், இந்தக் கிளப்பின் உயிர் அங்கேதான். அங்கே 90 நிமிடமும் நின்றுகொண்டு, பாடிக்கொண்டு, கை தட்டிக்கொண்டு இருக்க வேண்டும், அதுதான் அந்த இடத்தின் தர்மம். ஆட்டத்தைப் படிக்க வந்தவர் அங்கே நின்றால் இரண்டு வேலையும் கெடும். அடுத்த ஆட்டத்துக்கு அங்கே போகலாம், போகவும் வேண்டும்.

டிவியில் பார்த்தால் போதாதா? போதாது. மெயின் கேமரா பந்தைத் துரத்தும். ஒரு சமயத்தில் ஆடுகளத்தில் பாதிக்கும் குறைவுதான் திரையில் இருக்கும். லெஃப்ட் விங்கில் பந்து இருக்கும்போது வலது ஓரத்து டிஃபெண்டரான ரைட் பேக் எங்கே என்பது ரீப்ளேயில்கூட வராது. 2021-22-ல் நம் கோச்சாக இருந்த மார்கோ பெசாயுலியை நினைத்துப் பாருங்கள். 2009-ல் ஜெர்மனியின் 17 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். கொரோனாவால் 2020-21, 2021-22 இரண்டு ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சீசனும் முழுக்கக் கோவாவில், 2022 ஃபைனல் தவிர காலி ஸ்டேடியங்களில் நடந்தன. அவருடைய அணி கண்டீரவாவில் ஒரு ஐஎஸ்எல் ஆட்டம்கூட ஆடாமலேயே அவர் கிளம்பிவிட்டார். 2021-22-ல் ஆறாவது இடம் என்பது உண்மை. ஆனால் அந்த அணி எப்படி நின்றது, எங்கே உடைந்தது என்று நேரில் பார்த்துச் சொல்ல இந்த ஊரில் ஆள் கிடையாது.

மற்றவர்களின் ஆரம்பத்தைப் பார்த்தால் நம்பிக்கை, சந்தேகம் இரண்டுமே எவ்வளவு சீக்கிரம் ஏமாற்றும் என்று புரியும். ஆஷ்லி வெஸ்ட்வுட் வந்தபோது இங்கே யாருக்கும் பெயர் தெரியாது. 2013-14-ல், கிளப்பின் முதல் சீசனிலேயே, அப்போதைய தேசிய லீக்கான ஐ-லீக் பட்டத்தை வாங்கினார். ஆல்பர்ட் ரோகா 2016 ஜூலையில் வந்தார், கோச் ரைகார்டிடம் பார்சிலோனாவில் உதவியாளராக இருந்தவர். அக்டோபரிலேயே இதே கண்டீரவாவில் நடப்பு சாம்பியனான மலேசியக் கிளப் ஜோகூரை 3-1 என்று சாய்த்து, ஆசியக் கிளப்களுக்கான ஏஎஃப்சி கோப்பை ஃபைனலுக்குக் கொண்டுபோனார். ஊரே கொண்டாடியது. அதே சீசன் ஐ-லீகில் அணி நான்காவது. அடுத்த ஆண்டு ஐஎஸ்எல் ஃபைனல். சைமன் கிரேசன் நேர் எதிர்: 2022-ல் ட்யூராண்ட் கோப்பையோடு தொடங்கினார், ஐஎஸ்எல் முதல் பாதியில் அணி தரையில் கிடந்தது, கடைசி 8 லீக் ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்து ஃபைனல் வரை போனது. ஜெரார்ட் சராகோசா 2023 டிசம்பரில், சீசன் நடுவில் வந்தார். அந்த சீசனில் பத்தாவது இடம். ப்ரீ-சீசன் முழுக்கக் கையில் கிடைத்த அடுத்த ஆண்டு, 2024-25-ல், மூன்றாவது இடம். ப்ளே-ஆஃபில் இங்கே மும்பை சிட்டியை 5-0, பிறகு கொல்கத்தாவில் மோகன் பகானிடம் எக்ஸ்ட்ரா டைமில் 2-1 என்று ஃபைனல் தோல்வி.

ஆகவே புதுக் கோச் சீசன் நடுவில் வந்தவரா, ப்ரீ-சீசனுக்கு முன்பே வந்தவரா என்பதை முதலில் கேளுங்கள். நடுவில் வந்தவருக்கு இரண்டு ஆட்டத்துக்கு இடையே உருப்படியான பயிற்சி நாட்கள் இரண்டோ மூன்றோதான். ஆட்டத்துக்கு அடுத்த நாள் ஓய்வு, அதற்கு அடுத்த நாள் லேசான ஓட்டம், ஆட்டத்துக்கு முந்தைய நாள் செட்-பீஸ் (கார்னர், ஃப்ரீகிக் பயிற்சி). மிச்சம் எங்கே? அவர் மாற்றக்கூடியது டிஃபென்ஸ் எவ்வளவு முன்னால் நிற்பது, கார்னர் மார்க்கிங், யார் ஆடுவது என்ற மூன்றுதான். பின்னாலிருந்து சின்னச் சின்னப் பாஸாகப் பந்தைக் கட்டி விளையாடும் முறையை அவரிடம் அந்த சீசனில் எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

ஆட்டம் தொடங்க 45 நிமிடம் முன்பே சீட்டில் இருங்கள். வார்ம்-அப்பில் கோல்கீப்பர் நீளமாக உதைத்துப் பழகுகிறாரா, ஃபுல்பேக்குக்கு (ஓரத்து டிஃபெண்டர்) 25-30 மீட்டர் தூக்கிப் போடும் சிப் பாஸ் பழகுகிறாரா என்று பார்த்தால் திட்டத்தில் பாதி அங்கேயே கிடைத்துவிடும். தொடங்கியதும் முதல் மூன்று கோல்கிக். 2019-ல் விதி மாறியதிலிருந்து பந்து பாக்ஸைத் தாண்ட வேண்டியதில்லை, நடு டிஃபெண்டரான செண்டர்-பேக் பாக்ஸுக்குள்ளேயே வாங்கலாம். இரண்டு செண்டர்-பேக்கும் கோல்கீப்பருக்கு இரு பக்கமும் இறங்கி நின்றால் கோச் பின்னாலிருந்து கட்ட நினைக்கிறார். அப்படி நின்றுவிட்டு, எதிரணி ஓடி வந்ததும் பதறி நீளமாக அடித்தால், திட்டம் இருக்கிறது, பழக்கம் வரவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் "பின்னால் விளையாடி வம்பை விலைக்கு வாங்குகிறார்" என்ற கூச்சல் இரண்டாவது வாரமே கிளம்புகிறது. எட்டு, பத்து ஆட்டத்துக்குப் பிறகும் அதே பதற்றம் என்றால் கூச்சலில் நியாயம் உண்டு.

பந்தை இழந்த அடுத்த 5 விநாடி இன்னும் முக்கியம். இழந்த கணத்தில் பக்கத்தில் இருக்கும் மூன்று பேரை மட்டும் பாருங்கள். முன்னால் பாய்கிறார்களா, பின்னால் திரும்பி ஓடுகிறார்களா? எந்தப் பக்கமாக இருந்தாலும் மூவரும் ஒரே முடிவு எடுத்தால் கோச்சின் குரல் காலுக்கு இறங்கிவிட்டது. ஒருவர் பாய்ந்து இருவர் நின்றால் இன்னும் இல்லை. இங்கே ஓர் எச்சரிக்கை. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் பெங்களூரின் இரவுக் காற்றில் 70 நிமிடம் ஓடிப் பிரஸ் பண்ணுவது சாத்தியம். கொச்சியிலும் சென்னையிலும் வேர்வை ஊற்றும்போது அதே ஓட்டம் வராது. ஹோம் ஆட்டத்தை மட்டும் வைத்து "என்ன பிரஸ்ஸிங்!" என்று புகழ வேண்டாம். நல்ல கோச் அங்கே டிஃபென்ஸ் லைனைப் 10 மீட்டர் இறக்கி ஆடுவார். இங்கே பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டு அந்த ஆட்டத்தை டிவியில் ஒப்பிடுங்கள்.

நாம் அட்டாக் பண்ணும்போது பின்னால் எத்தனை பேர் மிச்சம் நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே வர வேண்டும். பந்து எதிரணி பாக்ஸ் பக்கம் இருக்கும்போது பாதிக்கோட்டருகே ஐந்து பேராவது ஒழுங்காக நின்றால் கவுன்டர் அட்டாக்குக்குப் பயப்பட வேண்டாம். இரண்டு ஃபுல்பேக்கும் ஒரே நேரத்தில் ஏறி, பின்னால் இரண்டு செண்டர்-பேக் மட்டும் தனியாக நின்றால், அந்த ஆட்டத்தை ஜெயித்தாலும் நிம்மதியாகத் தூங்க முடியாது. கூட்டம் கோலுக்காக எழுந்து நிற்கும் நேரத்தில்தான் இதைப் பார்க்க முடியும். கடினம்தான், மேல் அடுக்கின் கடைசி வரிசையைச் சொன்னது இதற்காகவும்தான்.

60-வது நிமிடத்துக்கு மேல் கண் பெஞ்ச் பக்கம் போகட்டும். ஐந்து மாற்று, இடைவேளையைச் சேர்க்காமல் மூன்று தடவைக்குள். ஆளுக்கு ஆள் மாற்றுவது களைப்புக்கு மருந்து, வடிவத்தையே மாற்றுவதுதான் யோசனை. ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது 80-வது நிமிடம் வரை மாற்றமே இல்லாத கோச்சை முதல் இரண்டு ஆட்டத்தில் மன்னிக்கலாம், ஆட்களை இன்னும் அறியாதவர். ஆறாவது ஆட்டத்திலும் அப்படியென்றால் சந்தேகப்படுவதில் தப்பில்லை.

எங்கள் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரிய சோதனை வேறு. ஐஎஸ்எல்லில் ஒரே நேரத்தில் களத்தில் 4 வெளிநாட்டவர்தான். மீதி 7 பேர் நம் பையன்கள். வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் தயாராக வருவார், விளையாடுவார், போவார். கோச் உருவாக்குகிறாரா என்பது அந்த 7 பேரில்தான் தெரியும். காரைக்குடி பக்கத்துக் கண்டனூர்ப் பையன் சிவசக்தி நாராயணனை 2022-23-ல் கிரேசன் தொடர்ந்து இறக்கினார், அந்த சீசனின் வளரும் வீரர் விருது அவருக்குத்தான் வந்தது. லீக் அட்டவணையில் அணி தத்தளித்த வாரங்களிலும் நடந்த நல்ல காரியம் அது. பெஞ்சில் 21, 22 வயதுப் பையன் இருந்தும், 2-0 என்று முன்னணியில் இருந்தும், 75-வது நிமிடத்தில் அவனை இறக்க மனம் வராத கோச்சிடம் எங்களுக்கு நம்பிக்கை வைக்கத் தோன்றுவதில்லை, அவர் எந்தக் கிளப்பிலிருந்து வந்திருந்தாலும் சரி.

போக வர: பர்ப்பிள் லைனில் கப்பன் பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து 15-20 நிமிட நடை. காரில் வந்தால் கஸ்தூர்பா ரோட்டிலும் விட்டல் மல்யா ரோட்டிலும் மாட்டிக்கொண்டு வார்ம்-அப்பைத் தவறவிடுவீர்கள். குடை, பவர் பேங்க், தண்ணீர் பாட்டில் பொதுவாக வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். செப்டம்பர், அக்டோபர் மழைக்கு மடித்து வைக்கும் ரெயின்கோட். ஒரு சின்ன நோட்டு, பேனா. 5-வது, 25-வது, 60-வது நிமிடத்தில் நம் பத்துப் பேர் நிற்கும் இடத்தைப் புள்ளிகளாகக் குறித்து வையுங்கள், மூன்று படத்தையும் பக்கத்தில் வைத்தால் பேச்சுக்கே இடமில்லாமல் விஷயம் தெரியும்.

7.30 ஆட்டம் என்றால் 9.30 வாக்கில் முடியும். விசில் ஊதியதும் எழுந்துவிடாதீர்கள். இறங்காத, சில நிமிடம் மட்டும் இறங்கிய சப்ஸ்டிட்யூட்களை வைத்து ஃபிட்னஸ் கோச் அதே புல்லில் 15 நிமிடம் ஸ்ப்ரிண்ட் ஓட வைப்பார். அதில் முழு வேகத்தில் ஓடுகிறவர்கள் யார், கடமைக்குக் கால் அசைப்பவர்கள் யார், தலைமைக் கோச் அந்தப் பக்கம் ஒரு பார்வையாவது பார்க்கிறாரா என்று கவனியுங்கள். அதை முடித்துக் கிளம்பினாலும் மெட்ரோ கிடைக்கும்.