மதுரைக்குக் குறைந்த செலவில்: அரசு விரைவுப் பேருந்தா, மாறிச் செல்வதா, ஆம்னியா?

சென்னையின் தெற்குப் புறநகரிலுள்ள கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டு, தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாற்றப்பட்டபின், சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிறவரின் செலவு பேருந்தில் ஏறுமுன்பே தொடங்கிவிடுகிறது. திருவொற்றியூரிலிருந்து ஆட்டோவில் கிளாம்பாக்கம் சென்றால், அந்த வாடகையே மதுரைக் கட்டணத்தை விஞ்சிவிடலாம். எந்தப் பேருந்தைத் தேர்ந்தாலும், தாம்பரம் வரை மின்சார ரயிலிலும் அங்கிருந்து மாநகரப் பேருந்திலும் செல்வதே முதல் சிக்கனம்.

மூன்று வழிகளில் நான் முதலிடம் தருவது, பெரியவர்கள் பலர் இன்றும் ‘திருவள்ளுவர்’ என்று பழைய பெயரில் குறிப்பிடும் அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துக்கே. 2018 ஜனவரி கட்டண உயர்வுக்குப் பின் வந்த சிறு குறைப்பில், கிலோமீட்டருக்கு இக்கழகம் ஓட்டும் அல்ட்ரா டீலக்ஸில் 100 பைசா, பிற அரசுக் கழகங்களின் விரைவுப் (எக்ஸ்பிரஸ்) பேருந்தில் 75 பைசா, சாதாரணப் புறநகர்ப் பேருந்தில் 58 பைசா என்று நிர்ணயிக்கப்பட்டது. கிளாம்பாக்கத்திலிருந்து மதுரை மாட்டுத்தாவணி ஏறத்தாழ 430 கிலோமீட்டர் என்பதால், சுங்கக் கட்டணம் போன்றவை நீங்கலாக, யாரும் தாளில் போட்டுப் பார்த்துவிடக்கூடிய கணக்கு இது. பொங்கலுக்கு முந்தைய இரவிலும் அதே கணக்குத்தான் என்பது, மாதச் சம்பளத்தில் நான்கு பேர் கொண்ட குடும்பத்தை ஊருக்கு அழைத்துச் செல்பவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. இருக்கைகளின் பராமரிப்பு வண்டிக்கு வண்டி வேறுபடுகிறது. சாய்த்த இருக்கை நிமிராமலும், நிமிர்ந்தது சாயாமலும் இருப்பதுண்டு. கடைசி வரிசையைத் தவிர்த்து முன்பதிவு செய்தால் பெரும்பாலும் நிம்மதியாக உறங்கலாம்.

அதைவிடவும் குறைவான செலவில் செல்ல விரும்புவோர் விழுப்புரத்திலும் திருச்சியிலும் இறங்கி, வண்டி மாறிச் செல்கின்றனர். விரைவுக் கட்டண வண்டிகளாகவே கிடைத்தாலும், அல்ட்ரா டீலக்ஸோடு ஒப்பிடுகையில் நூறு ரூபாயை ஒட்டி மிச்சமாகும். 2025 ஜூலையில் திருச்சியின் வெளியூர்ப் பேருந்துகள் மதுரைச் சாலையிலுள்ள பஞ்சப்பூர் முனையத்துக்கு மாறியதால், முன்போல நகருக்குள் புகுந்து வெளியேறும் தாமதமும் இல்லை. ஆனால் இது பகல் பயணத்துக்கே ஏற்றது. கூட்ட நாளில் விழுப்புரத்தில் வண்டி நிற்குமுன்பே சன்னல் வழியாகத் துண்டும் பையும் விழுந்து இருக்கைகள் நிரம்பிவிடும். திருச்சி வரை நின்றுகொண்டே வர நேர்ந்தால் நூறு ரூபாய் மிச்சம் பெரிதாகத் தோன்றாது. கைப்பை ஒன்றுடன் தனியாகச் செல்லும் இளைஞருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். முதியவர்களுக்கும் கைக்குழந்தையுடன் செல்வோருக்கும் மாட்டேன்.

ஒப்பந்த ஊர்தி (மொத்தமாக வாடகைக்கு விடும் வண்டி) உரிமத்தில் ஓடும் தனியார் ஆம்னி பேருந்துகளுக்கு இத்தகைய கிலோமீட்டர் கணக்கு கிடையாது. இருக்கைக்கான தேவை ஏற ஏறக் கட்டணமும் ஏறுகிறது. செவ்வாய், புதன் இரவுகளில், குறிப்பாகக் குளிர்சாதனமில்லாத இருக்கை வண்டிகளில், தள்ளுபடியோடு அரசுப் பேருந்தின் கட்டணத்துக்கு அருகிலேயே சீட்டு கிடைப்பதுண்டு; அந்நாட்களில் அதை எடுப்பதில் தவறேதுமில்லை. வெள்ளி மாலையிலோ பண்டிகைக் காலத்திலோ அதே இருக்கையின் விலை இரண்டு, மூன்று மடங்காகிவிடுவதால், சிக்கனம் பற்றிய பேச்சில் அப்போது ஆம்னிக்கு இடமே இல்லை. செயலியில் முதலில் தெரியும் தொகையை நம்பிவிடாமல், வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்த இறுதித் தொகையோடுதான் ஒப்பிட வேண்டும்.

அரசு வண்டியானாலும் தனியார் வண்டியானாலும், நள்ளிரவில் நிறுத்தப்படும் நெடுஞ்சாலை உணவகத்தில் விலை கூடுதலாகவே இருக்கிறது. ஆகவே, தண்ணீரையும் இரவு உணவையும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்வது நல்லது. விடியற்காலையில் மாட்டுத்தாவணியில் இறங்கும் பெண்கள், ஆட்டோ பேசுவதற்கு முன் சாதாரணக் கட்டண நகரப் பேருந்து நிற்கிறதா என்று பார்க்கலாம். அதில் அவர்களுக்குக் கட்டணமே இல்லை.