பாஜியா, ஷிங்யியா, பாகுவாவா: தொடங்குமுன் முட்டியையும் தரையையும் பாருங்கள்

தாய்ச்சி, விங் சுன், ஷாவொலின் தாண்டி வேறொரு சீனத் தற்காப்புக் கலையைத் தேடுபவர் கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் வடசீனத்தின் இந்த மூன்றுதான்: ஹெபெய் மாகாணத்துச் சாங்ஜோவ் வட்டாரத்தின் பாஜி, ஷான்சியில் வேர்விட்டு ஹெபெயில் கிளைத்த ஷிங்யி, பெய்ஜிங்கில் வளர்ந்த பாகுவா. எது பலமாக அடிக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். முதல் ஆறு மாதத்துக்கு அந்தக் கேள்வியால் எந்தப் பயனும் இல்லை. முட்டி தாங்குமா, கணுக்கால் வளையுமா, பழகப் போகும் தரை மண்ணா சிமெண்டா, இடம் எத்தனை அடி என்பவைதான் முடிவு செய்யும்.

பாஜி: தரையோடு சண்டை

பாஜி, சாங்ஜோவின் மெங்சுன் பகுதி ஹுய் முஸ்லிம்களிடையே வளர்ந்தது. ஈட்டிக்குப் பேர்போன லீ ஷுவென் (1864–1934) இதன் பெரும்புள்ளி. அவருடைய சீடர் ஹுவோ தியன்கே கடைசிச் சீனப் பேரரசர் பூயிக்குக் கற்றுக்கொடுத்தார். இன்னொரு சீடர் லியூ யுன்ச்சியாவோ தைவானில் அதிபரின் பாதுகாவலர்களுக்குப் பயிற்சி அளித்தார். மெய்க்காப்பாளர் கலை என்று பெயர் வாங்கியது அப்படித்தான். முழங்கை, தோள், இடுப்பு எல்லாம் ஆயுதம். ஒரு கை நீளத்துக்கும் உள்ளே புகுந்து முட்டுவதுதான் முறை.

காணொளி பார்த்து மயங்குபவர்கள் மயங்குவது தரையை ஓங்கி மிதிக்கும் அந்தக் கால் மிதியில். கெடுப்பதும் அதுவேதான். சரியான மிதியில் பாதம் கணுக்கால் உயரத்துக்கு மேல் எழும்பாது. இடுப்பு கீழே இறங்கும் அதே நொடியில் உள்ளங்கால் முழுவதும் தட்டையாகத் தரையில் உட்காரும்; முட்டி லேசாக மடங்கியே இருக்கும். சத்தம் வர வேண்டும் என்று மிதிப்பவர் காலை முழங்கால் உயரம் தூக்கிக் குதிகாலை முதலில் இறக்குவார். அதிர்ச்சி குதிகால் எலும்பில் ஏறி, முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாணில் போய் நிற்கும். மொட்டை மாடியிலோ டைல்ஸ் தரையிலோ இதையே தினமும் செய்தால் சில வாரங்களில் படி இறங்கும்போது முட்டி வலிக்கும். அதனால் முதல் மூன்று மாதம் சத்தமில்லாமல் மிதியுங்கள். மண் தரை அல்லது புல்தரை நல்லது. தட்டையான, மெல்லிய அடிப்பாகம் உள்ள கேன்வாஸ் ஷூ போதும். ஓட்டப்பந்தய ஷூவின் தடித்த குதிகால் உடம்பை முன்னால் சாய்த்துவிடும். பாதத்தைத் திருகும் அடிகளில் தரையைப் பிடித்துக்கொண்டு முட்டியையும் முறுக்கும்.

வகுப்பில் சேருமுன் ஆறு வாரம் கால்களைத் தயார் செய்தாக வேண்டும். குதிரை நிலையில் பாதங்களுக்கு இடையே இரண்டு தோள் அகலம். முட்டி கால்விரல் பார்க்கும் திசையையே பார்க்க வேண்டும், உள்ளே சரியக் கூடாது. 30 விநாடி நான்கு முறை என்று தொடங்கி, வாரம் 15 விநாடி கூட்டினால் ஆறாவது வாரம் ஒன்றே முக்கால் நிமிடத்தில் நிற்பீர்கள். தொடை நடுங்குவது இயல்பு. முட்டிக்குள் குத்தினால் நிலையை உயர்த்துங்கள். கணுக்காலுக்கு ஒரு சோதனை உண்டு: சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளிக் கட்டைவிரலை வைத்து, குதிகால் எழாமல் முட்டியால் சுவரைத் தொட வேண்டும். முடியாதவர் தாழ்ந்த நிலைக்குப் போனால் பின்பக்கம் வெளியே தள்ளும், இடுப்பு வளையும், முழங்கைக் குத்தில் வெறும் கைபலம்தான் இருக்கும்.

முதலில் கற்பது 'சிறு பாஜி' என்னும் தனிநபர் படிவம். பெயர் ஒன்றுதானே என்று இணையத்தில் கண்டதையெல்லாம் கலக்காதீர்கள். மெங்சுன் வழி, ஹுவோ வழி, தைவான் வழி மூன்றிலும் அசைவுகள் வேறு வேறு. போட்டி மேடைக்கென்று அமைத்த வுஷு வடிவம் இன்னொன்று. அதில் பார்வைக்குத்தான் முதலிடம்.

ஷிங்யி: நீளம் இருந்தால் போதும்

மூன்றில் ஷிங்யிக்குத்தான் முன்தயாரிப்பு குறைவு. 3 அடி அகலம், 20 அடி நீளத்தில் ஒரு தாழ்வாரம் இருந்தால் வேலை நடக்கும். ஷிங்யி ஆசான் லீ லுவோனெங் ஷான்சியின் 'தாய்' (Dai) என்ற குடும்பத்தாரிடம் கற்று வந்தார். அவருக்குப் பின் ஷான்சி, ஹெபெய் என இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. ஷான்சிக் கிளையின் அசைவு சுருக்கமானது, ஹெபெயில் விரிந்தது.

அடித்தளம் 'சான்தி' என்னும் நிற்கும் நிலை. முன்பாதம் நேராக, பின்பாதம் 45 பாகை வெளியே. எடை பின்காலில் ஏழு பங்கு, முன்காலில் மூன்று பங்கு (சில ஆசான்கள் ஆறுக்கு நாலு என்பார்கள்). மூக்கு நுனி, முன்கை விரல் நுனி, முன்கால் நுனி மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். பின்கை தொப்புள் அருகே. ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடத்தில் தொடங்கி, இரண்டு மாதத்தில் ஐந்து நிமிடத்துக்குப் போகலாம். மூன்றாவது நிமிடத்தில் எல்லோருக்கும் வரும் கோளாறு தோள் காதை நோக்கி ஏறுவது. அடுத்தது பின்முட்டி உள்ளே சரிவது. கண்ணாடி முன் நின்றால் இரண்டும் தெரியும்.

பிறகு பி, ஸுவான், பெங், பாவ், ஹெங் என்ற ஐந்து குத்துகள். உலோகம், நீர், மரம், நெருப்பு, மண் என்று ஒன்று மற்றொன்றைப் பிறப்பிக்கும் வரிசை அது. முன்கால் பாய, பின்கால் இழுபட்டு வந்து சேரும். கை போய்ச் சேர்ந்த பிறகு கால் வந்தால் அடியில் எடை இருக்காது. இரண்டும் ஒன்றாக இறங்க வேண்டும். இதில் உடல் தோற்பதைவிட மனம் தோற்பதுதான் அதிகம்: ஒரே குத்தை மூன்று மாதம் போட யாருக்கும் பொறுமை இல்லை. அந்தப் பொறுமை இருப்பவருக்கு, முட்டி சுமாராக இருந்தாலும், நான் முதலில் சொல்வது ஷிங்யியைத்தான். நிலையை உயர்த்தி வைத்தாலும் அதன் சாரம் கெடாது. பாஜியில் அப்படி உயர்த்திப் பழகினால் பாதி போய்விடும்.

பாகுவா: முதல் கலையாக வேண்டாம்

பாகுவாவைத் தோற்றுவித்தவராகச் சொல்லப்படும் தோங் ஹாய்ச்சுவான் (இறப்பு 1882) பெய்ஜிங்கில் கற்றுக்கொடுத்தபோது முக்கியச் சீடர்கள் வெறுங்கையோடு வரவில்லை. யின் ஃபூவுக்கு லுவோஹான் குத்து தெரியும். 'கண்ணாடிக்காரர்' என்று அழைக்கப்பட்ட, மூக்குக்கண்ணாடி செய்து பிழைத்த செங் திங்ஹுவா மல்யுத்தக்காரர். இருந்த கலையின் மேல் வட்ட நடையை ஏற்றினார்கள். அது இல்லாதவர் வருடக்கணக்கில் அழகாகச் சுற்றிச் சுற்றி நடப்பார். ஒருவர் சட்டையைப் பிடித்தால் என்ன செய்வதென்று தெரியாது.

ஆனாலும் பிடிவாதமாகத் தொடங்குபவருக்கு: எட்டே காலடி வைத்துச் சுற்றும் சிறு வட்டம் வேண்டாம். சாக்பீஸால் 10 அடி விட்டத்தில் வரைந்து 16 காலடிகளாக நடங்கள். விரலை உள்ளே திருப்பி வைக்கும் அடியில் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். பாதம் ஊன்றிய பிறகு முட்டியை மட்டும் திருகினால் ஜவ்வுக்கு ஆபத்து. ஜவ்வு ஏற்கெனவே கிழிந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

பாஜியைத் தேர்ந்தவருக்கு இன்னொன்று. 'பாஜியோடு பிகுவா சேர்ந்தால் பேயும் தெய்வமும் அஞ்சும்' என்று சாங்ஜோவில் சொல்வார்கள்; பிகுவா அதே வட்டாரத்தின் இன்னொரு கலை. அதை நம்பி முதல் வருடமே இரண்டு படிவங்களையும் கற்கப் போகாதீர்கள். பிகுவாவின் கைவீச்சை மட்டும் எடுத்து, வகுப்புக்கு முன் தோள் தளர ஒவ்வொரு கைக்கும் 30 சுற்று சுற்றினால் போதும். பாஜி இறுக்கிவிடும் தோளை அது அவிழ்க்கும். மூன்று மீட்டர் ஈட்டிக் கழியை வாங்கி வீட்டு மூலையில் சாத்தி வைக்கும் ஆசையும் இப்போதைக்கு வேண்டாம். ஆசான் கேட்கும்போது வாங்கிக்கொள்ளலாம்.