செவ்வாய்க்கிழமை சலூன்

யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம், தண்டவாளத்துக்குக் கிட்ட ஒரு சின்ன சலூன் இருக்கிறது. பெயரை எழுதவேண்டாம் என்று கடைக்கார அண்ணை சொல்லிவிட்டார். "சனம் கூடினால் உங்கட பெடியனுக்குத்தான் கரைச்சல், தங்கச்சி." இரண்டு கதிரை, ஒரு நீளக் கண்ணாடி, ஓடாத மணிக்கூடு ஒன்று, அவ்வளவுதான் கடை. ஆண்கள் சலூனைப் பற்றி ஒரு பொம்பிளை ஏன் எழுதுகிறாள் என்று கேட்பீர்கள். மகனின் அப்பாவுக்கு வேலை கொழும்பில். மாதம் ஒருமுறைதான் வருவார். கூட்டிக்கொண்டு போவது நான்தான்.

மகனுக்கு ஐந்து வயது. மூன்று வயதில் ஓட்டிசம் என்றார்கள். போன வருடம் ஏ.டி.எச்.டி.யும், அதாவது கவனக்குறைவும் அளவுமீறிய துறுதுறுப்பும், இருக்கிறது என்றார்கள். இரண்டும் ஒரே பிள்ளைக்கு வருமா என்று கேட்டேன். வரும், ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு வரும்வரை இரண்டையும் சேர்த்து எழுத இடமிருக்கவில்லை என்றார் வைத்தியர். சத்தத்தையும் தொடுகையையும் அளவுக்கு மிஞ்சி உணர்வது ஓட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்ந்ததும் அந்தப் பதிப்பில்தான். எனக்கு அந்தக் கடைசி விஷயம்தான் தேவைப்பட்டது. அதுவரை வீட்டில் எல்லோரும் சொன்ன ஒரே சொல், குழப்படி.

முதலில் கூட்டிப்போனது வேறொரு கடைக்கு. பெரிய கடை, குளிரூட்டி, பாட்டு. மெசினைப் போட்டதும் காதைப் பொத்திக்கொண்டு கதிரையிலிருந்து பாய்ந்தான். இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்தார்கள். காத்திருந்த ஒருவர், "ரெண்டு அடி போட்டு வளர்த்திருந்தால் இருப்பான்" என்றார். பாதி வெட்டிய தலையோடு ஓட்டோவில் வந்தோம். அதன்பிறகு எட்டு மாதம் அவன் நித்திரையாயிருக்கும்போது நானே கத்தரிக்கோலால் வெட்டினேன். எலி கடித்த மாதிரி இருக்கும். முன்பள்ளி ஆசிரியை ஒன்றும் கேட்கமாட்டார். மாமிதான் ஒவ்வொரு முறையும் தலையைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

இந்த அண்ணையிடம் முதல் நாள் போனபோது வெட்டவே இல்லை. மகன் வாசலில் நின்று சுழலும் கதிரையைப் பார்த்தான். அண்ணை அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். இருபது நிமிடம். காசு நீட்டினேன். "என்னத்துக்கு? கதிரை சுத்தினதுக்கோ?"

இரண்டாம் நாள் மெசினைக் கடையின் அந்தப் பக்கத்து மேசையில் ஓடவிட்டு நிறுத்தினார். பிறகு தன் முழங்கையில் வைத்துக் காட்டினார். பிறகு அவனுடைய உள்ளங்கையில், அதுவும் மெசினின் முதுகுப் பக்கத்தை மட்டும். வேண்டாம் என்று கையை இழுத்தான். சரி என்று அலுமாரியில் வைத்துவிட்டார். இன்றுவரை அவனுக்குக் கத்தரிக்கோல் மட்டும்தான். தண்ணீர் விசிறுவதில்லை. கழுத்தில் கட்டும் துணியும் இல்லை, அப்பாவின் பழைய சேட்டை முன்பின்னாகப் போட்டுவிடுவோம். அந்த மணம் அவனுக்குப் பிடிக்கும். இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். "மாட்டுக்கு லாடம் அடிக்கிறவனும் முதல்ல மாட்டோட கதைப்பான், தங்கச்சி." அந்த உவமை எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. சிரித்துவிட்டேன்.

நாள் செவ்வாய். எங்கள் சனம் செவ்வாய், வெள்ளியில் தலைமயிர் வெட்டாது. அதனால் காலையில் கடையில் ஒரு குருவி இருக்காது, வானொலியும் ஓடாது. மாமி ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிள்ளைக்கு ஆகாது என்றார். அவனுக்கு ஆகாதது சனிக்கிழமைக் கூட்டம் என்று எப்படிச் சொல்லுவது?

இனி மெயின் விஷயம், ரயில். மகனுக்குக் காங்கேசன்துறைவரை ஸ்டேசன் எல்லாம் பாடம். யாழ்ப்பாணம், கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம், காங்கேசன்துறை. கடைக்குள் வந்ததும் தொடங்கிவிடுவான். அண்ணை அதைக் கவனித்து, ஒரு ஸ்டேசனுக்கு ஒரு வெட்டு என்று வைத்துக்கொண்டார். அவன் பெயர் சொன்னால்தான் கத்தரிக்கோல் அசையும். காங்கேசன்துறை வந்தால் கையை எடுத்துவிடுவார். மகன் கதிரையை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி யாழ்ப்பாணம் என்றால் அடுத்த பயணம். இல்லையென்றால் அன்றைக்கு அவ்வளவுதான். உண்மையான ரயில் போனால் இருவரும் வாசலுக்கு ஓடுவார்கள்.

ஒருநாள் அண்ணையும் தவறினார். காங்கேசன்துறை முடிந்த பிறகு காதோரம் நீட்டிக்கொண்டிருந்த கொஞ்சத்தை, ஒரு வெட்டுத்தானே என்று வெட்டினார். மகன் சேட்டைக் கழற்றி எறிந்து, தரையில் படுத்து, அரை மணித்தியாலம் அலறினான். அண்ணை அவனைத் தூக்கவும் இல்லை, பிராக்குக் காட்டவும் இல்லை. கொஞ்சம் தள்ளி நிலத்தில் குந்தியிருந்து, "மாமா பிழை விட்டிட்டன். காங்கேசன்துறைக்கு அங்கால தண்டவாளம் இல்லை" என்றார். திரும்பத் திரும்பச் சொல்லவில்லை, ஒரே தரம். நான்தான் அழுதேன்.

குறைகளும் இருக்கின்றன. வெட்டு சுமார்தான். இடப்பக்கம் எப்போதும் கொஞ்சம் கூட நிற்கும். ஒருமுறை தலை முழுதும் முடிக்க இரண்டு மூன்று செவ்வாய் எடுக்கும், அவசரக் கலியாணவீடு இருக்கிறவர்களுக்குச் சரிவராது. பெண்கள் இருக்க வாங்கு இல்லை, நான் படியில் இருப்பேன். வெயில் முகத்தில் அடிக்கும். தொலைபேசியை எடுக்கவே மாட்டார், நேரில் போய்த்தான் கேட்கவேண்டும். பெரிய ஆளுக்கு எடுக்கும் 500 ரூபாயையே எடுக்கிறார், அதுவும் முழுத்தலை முடிந்த நாளில் மட்டும்.

போகிறவர்கள் காலை பத்து மணிக்குப் போங்கள், பின்னேரம் பள்ளிக்கூடப் பெடியள் வந்துவிடுவார்கள். பிள்ளைக்குப் பிடித்தது என்னவென்று முதலே அண்ணையிடம் சொல்லிவைக்கவும். பஸ் என்றாலும் அவருக்குப் பிரச்சினை இல்லையாம்.

நேற்றுச் செவ்வாய். மகன் சுன்னாகத்தோடு இறங்கிவிட்டான். வலக்காதுக்கு மேலே ஒரு கற்றை இன்னும் நிற்கிறது. மாமி பார்த்தார். அடுத்த ரயில் எப்போது என்று கேட்டார்.