ஆறு மாத வாடகை போச்சு: மேய்ச்சலுக்கு நிலம் தேடுபவர்கள் படியுங்கள்

நேற்று சாயங்காலம் 11 மாடுகளையும் ஏற்றிப் போன வண்டியிலேயே திரும்பக் கூட்டி வந்தேன். வண்டி வாடகை இரண்டு மடங்கு. சரி, அதை விடுங்கள். ஆறு மாத நில வாடகையை முன்பணமாகக் கொடுத்திருக்கிறேன், அதுதான் வயிற்றெரிச்சல்.

எங்கள் நிலத்தில் புல் தரையோடு ஒட்டிவிட்டது. நாலு விரல் உயரத்துக்கும் கீழே மேயவிட்டால் வேர் நலிந்து, அடுத்த மழைக்குக் களைதான் முந்தும். நிலத்தைக் கொஞ்ச நாள் ஆறப்போடலாம் என்று, குத்தகைக்கு நிலம் காட்டும் செயலி ஒன்றில் தேடினேன்.

ஒருவர் வீடியோ அனுப்பினார். முழங்கால் உயரப் புல், ஓரத்தில் நிரம்பி வழியும் தண்ணீர்த்தொட்டி. பணப்பேச்சையே எடுக்கவில்லை. சினை எத்தனை, கறவை எத்தனை என்றுதான் கேட்டார். "400 கிலோ மாட்டுக்கு நாளைக்கு 40 கிலோ பச்சைப்புல்லாவது வேண்டுமே, நம்ம நிலம் தாங்கும்" என்றார். மாடு வைத்திருப்பவர் வாயில்தான் இந்தக் கணக்கு வரும் என்று நம்பினேன். அங்கேதான் விழுந்தேன். செயலியில் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று பச்சைக் குறி வேறு. "இன்னொருவரும் கேட்கிறார், உங்களுக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன்" என்றதும், அன்று இரவே ஆறு மாத வாடகையையும் அனுப்பிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் பாதி நிலத்தை யாருடைய ஆடுகளோ மொட்டையடித்து வைத்திருக்கின்றன. மீதியில் சோள மறுதாம்பு (அறுத்த கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்த பயிர்), முழங்காலுக்கும் கீழே, தண்ணீரில்லாமல் வாடிப்போய். அந்தப் பருவத்தில் அதைத் தின்றால் சயனைடு நஞ்சு ஏறும், சில நிமிடங்களிலேயே மாடு சாயலாம். ஒரு கிடேரி வாய் வைக்கப் போனது. கயிற்றைப் பிடித்து இழுத்ததில் என் உள்ளங்கை உரிந்துவிட்டது. தொட்டியில் சருகுதான் கிடந்தது. ஆட்டுக்காரரிடம் சண்டைக்குப் போனால், அவரும் முன்பணம் கொடுத்து ஏமாந்தவராம்!

வீடியோ அனுப்பியவருக்குப் போன் செய்தேன். முதலில் "பையன் தப்பான இடம் காட்டிவிட்டான்". அப்புறம் "மழை வந்தால் பத்து நாளில் புல் வந்துவிடும்". அப்புறம் எடுக்கவே இல்லை. செயலிக்காரர்களோ "நாங்கள் இணைத்து வைப்பதோடு சரி, பணப் பரிமாற்றம் உங்கள் பொறுப்பு" என்கிறார்கள். அப்படியானால் அந்தப் பச்சைக் குறி எதற்கு? பதில் இல்லை, புகார் எண் மட்டும் வந்தது. ஆறு மாத வாடகைக்கு ஒரு புகார் எண்.

வாடகை நிலம் பார்ப்பது எப்படி என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை. இவ்வளவுதான்: நிலத்தில் கால் வைக்காமல் பணம் கொடுக்காதீர்கள். வேலியைச் சுற்றி ஒரு நடை முழுதாக நடங்கள், அறுந்த கம்பித்துண்டு கிடந்தாலும் மாடு விழுங்கிவிடும். தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லிப் பாருங்கள். கடைசியாகக் களைக்கொல்லி எப்போது அடித்தார்கள் என்று கேளுங்கள். மாதாமாதம் கொடுங்கள், மொத்தமாகக் கேட்டால் வேண்டாம். எழுத்தில் வாங்குங்கள்.

இப்போதுதான் செயலியைத் திறந்து பார்த்தேன். விளம்பரம் இன்னும் இருக்கிறது, அதே முழங்கால் உயரப் புல்லோடு.