ரோபோ போட்டிக்கு அழைப்பு: நேரில் கடிதமா, மின்னஞ்சலா?

பள்ளி ரோபோ போட்டிக்கு, கிருஷ்ணகிரியில் முதன்மைக் கல்வி அலுவலரை விருந்தினராக அழைக்க, நேரில் கடிதம்தான். தலைமையாசிரியர் கையொப்பத்துடன் இரண்டு பிரதி. ஒன்றில் தபால் பிரிவின் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வாரம் முன்பே கொடுத்தாலும், திடீர் ஆய்வுக் கூட்டம் வந்தால் தேதி போச்சு. மாற்று விருந்தினர் ஒருவர் இருக்கட்டும்.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை நிறுவனங்களிடம் போட்டிக்கு உதவி கேட்க, மின்னஞ்சல். வாயிலில் கொடுத்த உறை செக்யூரிட்டி மேசையிலேயே தூங்கிவிடும். வெறும் "உதவுங்கள்" என்றால் யாரும் அசையமாட்டார்கள். "12 அணி, அணிக்கு ஒரு எல்298 மோட்டார் டிரைவர், இரண்டு 18650 பேட்டரி" என்று எழுதினால் கணக்காவது போட்டுப் பார்ப்பார்கள். (எல்298 என்பது ரோபோவின் மோட்டாரை இயக்கும் சிறு பலகை; 18650 என்பது திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் உருளை பேட்டரி.) நிறுவனங்கள் சமூகப் பணிக்குத் தரும் சமூகப் பொறுப்பு நிதி (சிஎஸ்ஆர்), நிதியாண்டுக் கணக்கில் ஒதுக்கப்படுவது. மார்ச்சில் கேட்பதைவிட ஏப்ரலில் கேளுங்கள். மின்னஞ்சல் அனுப்பி இரண்டு நாள் கழித்து ஒரு போன் போடுங்கள்.