இரவுப் பல் உறை, தாடை இறுக்கம், மனச்சோர்வு: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

இரவில் அணியும் பல் உறை பற்களைக் காக்கிறது. பற்களை அறியாமல் இறுகக் கடிப்பதால் வரும் தாடை இறுக்கத்தைத் தீர்ப்பதில்லை. சில ஆண்டுகளாகத் தொடர்ந்து அணிந்துவருபவன் என்ற முறையில் இதைத்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றுவந்த எனக்குக் காலையில் வாயைத் திறப்பதே சிரமமாகி, நெற்றிப்பொட்டுப் பகுதியில் மந்தமான வலியும் சேர்ந்துகொண்டபோது பல் மருத்துவரிடம் சென்றேன். கன்னத்தின் உட்புறம் பற்கள் அழுந்தி வெண்கோடு விழுந்திருப்பதையும், நாக்கின் ஓரத்தில் பற்களின் தடம் பதிந்திருப்பதையும் கண்ணாடியில் காட்டிவிட்டு, அவர் அளவெடுத்து இதைச் செய்து கொடுத்தார்.

கெட்டியான அக்ரிலிக் உறை இது. தொடக்கத்தில் எச்சில் மிகுதியாக ஊறும், பேச்சு குழறும், பிறகு பழகிவிடும். வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடக்கூடும் என்பதால் குளிர்ந்த நீரே போதும். மென்மையான உறைகள் வாய்க்கு இதமாக இருந்தாலும், சிலருக்கு அவை கடிக்கும் விசையைக் கூட்டிவிடுவதுண்டு. என் உறையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், கடைவாய்ப் பகுதியில் பளபளப்பாகத் தேய்ந்த பள்ளங்கள் தெரிகின்றன. வலப்புறம் ஆழம் அதிகம். என் பற்களில் விழுந்திருக்க வேண்டிய தேய்மானம் அது. ஆக, உறை தன் வேலையைச் செய்திருக்கிறது. நான் கடிப்பதை நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

இறுக்கம் கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் மனநிலையை ஒட்டியே இருந்தன. மனச்சோர்வு என்றால் உடல் தளர்ந்து கிடக்கும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் எதிலும் பிடிப்பின்றி அசையாமல் உட்கார்ந்திருந்த நேரங்களில்தான் என் பற்கள் ஒன்றோடொன்று அழுந்தியிருந்தன. பகலில் நேரும் இந்த ஓசையற்ற கடிப்புக்கு இரவு உறையால் எந்தப் பயனும் இல்லை. காதுக்குக் கீழே, தாடை வளையும் இடத்தில் விரல்களை வைத்துப் பற்களைக் கடித்தால் புடைத்தெழும் மாசெட்டர் தசையை எவரும் உணரலாம். மோசமான நாட்களில் எனக்கு அந்தத் தசை, கடிக்காத போதும் கெட்டியாகவே இருக்கும். உதடுகள் மூடியிருக்க, மேல் கீழ்ப் பற்கள் தொடாமல் சில மில்லிமீட்டர் இடைவெளியுடன் இருப்பதே தாடையின் ஓய்வு நிலை என்று பல் மருத்துவர் விளக்கிய பிறகு, நாக்கு நுனியை மேல்முன் பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் வைத்துத் தாடையைத் தளர்த்தப் பழகினேன். உறையைவிட வலியைக் குறைத்தது இந்தப் பழக்கம்தான் என்பேன்.

இதில் மாத்திரைக்கும் பங்குண்டு. செர்ட்ராலின், ஃப்ளூவாக்செடின் போன்ற, செரடோனின் வழியே செயல்படும் மனச்சோர்வு மருந்துகள் சிலருக்குப் பற்கடிப்பை உண்டாக்குவதோ கூட்டுவதோ மருத்துவ உலகில் பதிவாகியுள்ள பக்கவிளைவு. எனக்கு மருந்தின் அளவு கூட்டப்பட்டதை அடுத்துக் காலை வலி தெளிவாக அதிகரித்தது. மனநல மருத்துவரிடம் சொன்னபோது அவர் அளவை மாற்றியமைத்தார், வலியும் தணிந்தது. மருந்தைத் தாமாகவே நிறுத்துவது இதற்கு வழியல்ல. திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரலாம், மனச்சோர்வும் திரும்பலாம். மறுபுறம், ஓயாத தாடை வலி உறக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட உறக்கம் மனநிலையைக் கீழே இழுக்கிறது. ஆகவே எது காரணம், எது விளைவு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலவில்லை. பிரித்தே ஆக வேண்டும் என்றும் இப்போது தோன்றுவதில்லை.

பற்கள் தேயத் தொடங்கியவர்களுக்கு இந்த உறையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வலிக்காக மட்டும் வாங்க நினைப்பவர்கள், உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்களைப் பல் மருத்துவரிடமும், தாடை வலியை மனநல மருத்துவரிடமும் முதலில் தெரிவித்துவிடுவது நல்லது. என்னிடம் இரு தரப்பிலும் எவரும் தாமாகக் கேட்கவில்லை.